வேண்டாம் என்றவரே போய்ச் சொல்ல வேண்டும்

நாலைந்து வருடங்களுக்கு முன்னால், ராயபுரத்தில், எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது நடந்தது இது. அன்று நான் என் சொந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே போகாமல் வெயிலில் நின்றேன். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் பகுதி ஹாக்கியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். என் பிறந்த வீட்டில் எல்லாருக்கும் கடை உண்டு, வியாபாரம் உண்டு. விளையாட்டு என்றால் ஸ்கூலோடு சரி. கல்யாணமாகி இங்கே வந்தால் மாமனார் ஹாக்கி, கொழுந்தனார் ஹாக்கி, தாலி கட்டியவர் கோல் கீப்பர். ஒரு சாவு வீட்டில் பெட்டியை எடுக்கும்வரை போன வருடத்து செமி ஃபைனலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் சில வருடங்கள் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, எனக்கே தெரியாமல் ஆட்டமும் புரிய ஆரம்பித்துவிட்டது.

திருவிழாவையொட்டி வருடா வருடம் ஒரு போட்டி நடக்கும். சுற்றுவட்டாரத்து டீம்கள் எல்லாம் வரும். எங்கள் டீமில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை முடிவு செய்வது ஆடுகிறவர்கள் இல்லை, பார்க்கிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்ததும், மூடிக் கிடக்கும் ஐஸ் கம்பெனி மேடையில் ஆண்கள் எல்லாரும் கூடிவிடுவார்கள். பார்வர்டில் வேகமான சின்னப் பையன்களைப் போடலாமா, பழைய ஆட்களையே நம்பலாமா, கோவில்பட்டியிலிருந்து ஒருத்தனைக் கொண்டுவரலாமா என்று தொண்டை கட்டும்வரை பேசுவார்கள். ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அவரவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை டீமில் வேண்டாம் என்று யார் பேசி ஜெயிக்கிறாரோ, அவரேதான் அந்த ஆளின் வீட்டுக்குப் போய் நேருக்கு நேர் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும். அந்த வீட்டார் உள்ளே வா என்று கூப்பிடும்வரை படியேறக் கூடாது. துணைக்குச் சாட்சியாக ஒருத்தர் போகலாம், ஆனால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. முன்பெல்லாம் டீக்கடையில் வைத்துத்தான் ஒருவனுக்குத் தன் பெயர் இல்லை என்றே தெரியவருமாம். அதில் ஒரு தடவை மண்டை உடைந்து, டீமே ரெண்டாகப் பிரிந்துபோன பிறகு வந்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். வாய் இருக்கிறது என்று யாரும் எதையும் பேசிவிட்டுப் போய்விட முடியாது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வாசலில் யாரும் வந்து நிற்காவிட்டால், அந்த வீட்டு ஆள் டீமில் இருக்கிறான் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டுக்கு எந்த வருடமும் யாரும் வந்து நின்றதில்லை. கீப்பரைப் பற்றிப் பேச்சே எழாது. அவர் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றவர்களைப் பற்றிச் சண்டையே ஆரம்பிக்கும். துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர்களைப் பார்த்துப் பதிவு செய்கிற வேலை அவருக்கு. அங்கே அவரை ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. ஆனால் பேடு கட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால், மொத்த மைதானமும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தும். அந்தச் சத்தத்தில் அவர் முகம் மாறுவதை நான் இருபது வருடம் பார்த்திருக்கிறேன். அதை அவரிடமிருந்து பிடுங்க நானே ஒருநாள் கிளம்புவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

அவருக்குச் சர்க்கரை உண்டு. போன திருவிழா சமயத்திலேயே இடது கண்ணில் ஏதோ நூலாம்படை மாதிரி தெரிகிறது என்றார். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினார். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டார். இடது பக்கமாக நான் வந்து நின்றால் திடுக்கிட்டார். இழுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, உள்ளே ரத்தம் கசிந்து அந்தக் கண் போய்விட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறதாம். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தால் காப்பாற்றலாம், ஆனால் தலையில் அடியோ அதிர்ச்சியோ படவே கூடாது என்று ரெண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"யார்கிட்டயும் சொல்லாதமே."

கண் தெரியாதவனை நம்பர் பார்க்கிற வேலையில் வைத்திருப்பார்களா என்ற பயம் அவருக்கு. நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஹாக்கியை விட்டுவிடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். அவரோ இந்தத் திருவிழா ஒன்றை மட்டும் ஆடிவிட்டு விட்டுவிடுகிறேன் என்றார். ஹெல்மெட் இருக்கிறதே என்றார். கெஞ்சினேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரம்பூர்க்காரர்கள் புதிதாக ஒரு பையனைப் பிடித்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பெனால்டி கார்னர் கிடைத்தால் அவன் ஸ்டிக்கால் பந்தை இழுத்துச் சுழற்றி விடுவானாம், நெஞ்சு உயரத்துக்கு, தலை உயரத்துக்கு. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற ஒருத்தர் என் கணவருக்கு உயிர்த் தோழர், அண்ணன் அண்ணன் என்று சுற்றி வருகிறவர். அவர்தான் அந்த வீடியோவை அனுப்பியிருந்தார். பந்து போனதே என் கண்ணுக்குத் தெரியவில்லை. வலைக்குப் பின்னால் பலகை அதிர்ந்தது மட்டும் கேட்டது. என் கணவர் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, சமாளித்துவிடலாம் என்றார்.

அந்த ஞாயிறு பூசையில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனார். கடைக்குப் போய் வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, நான் நேராக ஐஸ் கம்பெனிக்குப் போனேன்.

அங்கே பேச்சு சூடாக இருந்தது. போன வருடம் விழுந்த கோல்கள் பெரும்பாலும் இடது பக்கமாகவே விழுந்திருக்கின்றன, அதனால் இடது பக்கம் நின்று தடுத்தாடுகிற பேக்கைத் தூக்கிவிட வேண்டும் என்று ஏலக்காரர் ஏலம் விடுகிற குரலிலேயே கத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேக் எர்ணாவூரில் குடியிருக்கிற, குழந்தை பிறந்து சில மாதங்களே ஆன ஒரு நல்ல பையன். என் கணவரின் கண்ணுக்கு அவன் பழி சுமக்கப் போகிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம்தான் என்னைப் பேச வைத்தது.

பெண்கள் அங்கே வரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. யாரும் வந்ததில்லை, அவ்வளவுதான். நடுவில் உட்கார்ந்து கூட்டத்தை நடத்துகிறவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். எல்லாருக்கும் அவர் நைனா. என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"இன்னாம்மா, வூட்ல எதுனா அவசரமா?"

"இல்ல நைனா. நானும் ஒருத்தரை வேணாம்னு பேச வந்திருக்கேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரை அண்ணி, சொல்லுங்க, இப்பவே தூக்கிடலாம் என்றார் ஏலக்காரர்.

"கீப்பரை."

சிரிப்பு அப்படியே நின்றது.

"அண்ணி, வூட்டு சண்டைய வூட்டோட வச்சிக்கங்க. நாங்க இங்க ஹாக்கி பேசிகினு கீறோம்."

நானும் ஹாக்கிதான் பேச வந்தேன் என்றேன். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். வாக்குக் கொடுத்திருக்கிறேனே. அதனால் அவர்கள் பாஷையிலேயே பேசி ஜெயித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் கோலில் போய் நின்றுவிடுவார். போன வருடத்து ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடது பக்கம் வந்த பந்துக்கு அவர் எப்போது அசைந்தார், வலது பக்கம் வந்ததற்கு எப்போது அசைந்தார் என்று சொன்னேன். முன்பெல்லாம் வெளியே தள்ளி நின்ற அந்தப் பேக் பையன் இப்போது ஏன் உள்ளே உள்ளே வந்து நிற்கிறான், யாராவது யோசித்தீர்களா என்று கேட்டேன். கீப்பர் அந்தப் பக்கத்தைக் கோட்டை விடுகிறார் என்று அவன் காலுக்குத் தெரிந்திருக்கிறது, பாவம், அவனுக்கே தெரியவில்லை என்றேன்.

"கோலைக் காப்பாத்தத்தானே கீப்பர்? கீப்பரைக் காப்பாத்த ஒரு பேக்கு நின்னா, அப்புறம் கோலை யாரு பாக்குறது?"

ஏலக்காரர்தான், கட்டின புருஷனையே இப்படி நாலு பேர் நடுவில் வைத்துப் பேசுகிற பொம்பளையை நான் பார்த்ததில்லை என்று கத்தினார். நைனா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, எந்தப் பக்கம்னு சொன்னே என்று மெதுவாகக் கேட்டார். இடது பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கீப்பர் மாத்தறோம். பேக் அப்டியே நிக்கட்டும். ஏம்மா, வழக்கம் தெரியுமில்ல? வேணாம்னு சொன்னவங்கதான் போய்ச் சொல்லணும்."

தெரியும் என்றேன். சாட்சிக்கு ஏலக்காரரையே என்னோடு அனுப்பினார். வழி முழுக்க அவர் பத்தடி தள்ளி, என் முகத்தைப் பார்க்காமலே வந்தார். எத்தனையோ வருடமாக நடந்த தெரு. அன்று மட்டும் அது முடிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நடந்தேன்.

கதவு திறந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா இது என்று முழித்தாள். அவர் உள்ளே பேடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். என்னைத் தாண்டி, பின்னால் செருப்பில்லாமல் நின்ற ஏலக்காரரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நீயாடா?"

ஏலக்காரர் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் சொன்னேன். "இந்த வருஷம் டீம்ல உங்களைப் போடல. வேணாம்னு பேசினது நான்தான்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, தெரியாத யாரையோ பார்க்கிற பார்வையாக இருந்தது. திரும்பி உள்ளே போய்விட்டார்.

நான் நின்றேன். எதிர்வீட்டுக் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். ஏலக்காரருக்கே மனசு கேட்காமல், உங்க வூடுதானே அண்ணி, உள்ள போங்க என்றார். நான் போகவில்லை. பெண்டாட்டியாக உள்ளே போயிருந்தால், நான் பேசியதெல்லாம் வீட்டுச் சண்டையாகிவிடும். அவரும் அதைத் தட்டிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். வழக்கப்படி வந்தேன், வழக்கப்படிதான் நிற்க வேண்டும். வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. இந்த மனிதர் இனி என்னைக் கூப்பிடவே மாட்டாரோ என்று நிஜமாகவே பயந்தேன்.

கடைசியில் வந்தார். பேடு, ஹெல்மெட் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டி எடுத்து வந்து, ஏலக்காரர் கையில் கொடுத்தார்.

"புதுசா நிக்கறவனுக்குக் குடு. வலது கால் பக்கிளு லூசா கீது. இறுக்கிக் கட்டிகினு ஆடச் சொல்லு."

பிறகு என்னைப் பார்க்காமல், உள்ள வா என்றார். போனேன். மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டோம். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் மகளிடம்தான் கேட்டார்.

திருவிழா வந்தது. இந்த இடத்தில், பந்து புதிய கீப்பரின் தலையில் பட்டது, நான் சொன்னது சரியென்று எல்லாருக்கும் தெரிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. பெரம்பூர்க்காரர்களின் அந்தப் பையனுக்கு ஃபைனலில் ஒரு பந்துகூட உயரமாக எழும்பவில்லை. புதிய கீப்பர் பயத்தில் விட்ட ஒரு சாதாரணப் பந்தில், கோலி குண்டு மாதிரி தரையோடு உருண்டு வந்த பந்தில், நாங்கள் தோற்றோம். எங்கள் வீட்டுக்காரர் அன்று மைதானத்துக்கே வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஃபைனலுக்கு முன்பே குழாயடியில் எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். புருஷனையே கழற்றிவிட்டவள். தோற்றதும் கேட்கவே வேண்டாம். அன்று சாயங்காலம், வெளிச்சம் இன்னும் இருந்தது, கூட்டம் ஸ்டிக்குகளோடு எங்கள் தெரு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஏலக்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார்.

"கப்பு நம்மள்து. வூட்லயே இருந்து ஒருத்தங்க தாரை வார்த்துட்டாங்க."

அவர் எழுந்து தெருவில் இறங்கினார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். சண்டை வந்துவிடும் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"டேய், கையில இன்னா, பந்தா? எனுக்குப் போடு."

ஏலக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் தன் இடது தோளைத் தட்டிக் காட்டி, இந்தப் பக்கம் போடு என்றார். ஏலக்காரர் மெதுவாகத்தான் போட்டார், சின்னப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி. பந்து அவர் தோளைத் தாண்டி வந்து எங்கள் வீட்டுக் கதவில் மோதியது. அது மோதிய பிறகுதான் அவர் கையே எழுந்தது.

யாரோ சிரித்தார்கள். விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

"இன்னொரு தபா."

மறுபடியும் அதே இடத்தில், அதே கதவில். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இருபது வருடமாக அவர் கோலில் நின்று பார்த்தவர்கள் அவர்கள். அவரிடமிருந்து என்ன போயிருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

"இந்தக் கண்ணு தெரியாதுடா எனுக்கு. இவளுக்குத் தெரியும். உங்களாண்ட சொல்லாதன்னு நான்தான் வாய கட்டிட்டேன். அத்தச் சொல்லாமயே அம்மாம் பேரு நடுவுல நின்னு பேசியிருக்கா. இனிமே அவளப் பத்தி பேசறவன் என் மூஞ்சப் பாத்துப் பேசு."

ஏலக்காரர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அண்ணா அண்ணா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நைனா வந்து அவரைத் தூக்கி அணைத்துக் கூட்டிப்போனார். இவர் உள்ளே வந்தார். எத்தனையோ நாளுக்கப்புறம் என்னிடம் முதலில் சொன்ன வார்த்தை, காபி போடுமே என்பதுதான். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதிப் பால் அடுப்பில் பொங்கி வழிந்தது. துணியை எடுத்து அவரே துடைத்தார்.

தெருவே அறிந்த விஷயம் துறைமுகத்துக்குப் போய்ச் சேராமல் இருக்குமா? அவர் பயந்த மாதிரியே வேலையை மாற்றினார்கள், ஆனால் நல்லவேளையாக வெளியே அனுப்பவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். வலது கண்ணுக்குச் சிகிச்சை தொடர்கிறது. மகளின் முகத்தை நன்றாகப் பார்க்கிறார். வருடா வருடம் ஐஸ் கம்பெனி மேடையில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து கத்தவும் கத்துகிறார்.

நான் செய்தது சரிதானா என்று எனக்கு இன்றுவரை அத்தாட்சி எதுவும் கிடைக்கவில்லை. அவர் ஆடியிருந்தால் ஒன்றுமே ஆகாமல் போயிருக்கலாம், கப்பும் கிடைத்திருக்கலாம். அந்தச் சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொள்கிறேன்: பந்தை விடாதவர் என்று பேரெடுத்த மனிதர், என் பேரைக் காப்பாற்ற ஊர் பார்க்க ரெண்டு பந்தை விட்டுவிட்டு நின்றார், அதற்கு மேல் எனக்கு எந்த அத்தாட்சியும் வேண்டியதில்லை.